டிரசர் சவரிமுத்துவின் முதல் தட்டு

டிரசர் சவரிமுத்து காலமான செய்தி மூன்று வாய் மாறித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. சிரம்பான் பாசாரில் மீன்காரர் சொன்னபோது அவர் மாரடைப்பில் போயிருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு நான் வருவதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்தால், பாரோயில் யாரோ ஒரு பெரியவரைப் பாம்பு கடித்துவிட்டதாம், அவராகத்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. நேற்றுவரை நடமாடிய மனிதரை ஒரே காலைக்குள் மூன்று விதமாகச் சாகடிக்க நம் ஜனங்களால் மட்டும்தான் முடியும். பிறகு அவருடைய மகள் டெலிபோனில் உண்மையைச் சொன்னாள். காலை நடைக்குப் புறப்பட்டவர், செருப்பு மாட்டக் குனிந்திருக்கிறார், நிமிரவில்லை. ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலும் இருந்ததாம்.

அவரை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. உட்கார்ந்த நிலையில் அவர் போயிருந்தால்தான் நாம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரசர் அவர்; அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் எப்போதும் பஞ்சு மூட்டைதான் உட்கார்ந்திருக்கும். "கொஞ்சம் உக்காருங்களேன் டிரசரே, பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்று ஒருநாள் சொன்னேன். "உக்காந்தா கொசு கடிக்கும், நடந்தா நாய் கடிக்கும். நாய் ஒரு கடியோட போயிடும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த லயத்து வீடுகளைப் பார்க்கப் போய்விட்டார். நானும் நிதானக்காரி இல்லை. எங்கள் இருவருக்கும் இடையே நடந்த சண்டைகளை உங்களில் சிலர் பார்த்தே இருப்பீர்கள். அதில் பெரிய சண்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. பெடாசிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, தூரத்துப் பிரிவுகளில் இருந்த குடும்பங்களையெல்லாம் கொண்டுவந்து எங்கள் லயங்களோடு சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இரண்டு, மூன்று குடும்பங்கள் புகுந்தன. மேட்டில் அவசர அவசரமாகக் கக்கூஸ் குழிகள் வெட்டினார்கள். பள்ளத்தில் இருந்த பழைய கிணறு அப்படியே இருந்தது. இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வேலியைப் பற்றிப் பயப்படவே நேரம் சரியாக இருந்தது.

அப்புறம் அரிசியையும் நிறுத்தினார்கள். வேலிக்குள் யார் வீட்டிலும் சோறு பொங்கக் கூடாது; எல்லோருக்கும் ஒரே இடத்தில் பொதுச் சமையல், சாயங்காலம் வரிசையில் நின்று சோறாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அரிசியைக் காட்டுக்குக் கடத்தலாம், சோற்றைக் கடத்த முடியாது, மறுநாள் ஊசிப்போய்விடும் என்பது மேலே இருந்தவர்களின் கணக்கு. கணக்குப் போட்டவர்களுக்குத் தமிழர்களைத் தெரியாது. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாகக் குடித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன பரம்பரைக்கு, சோற்றை ஒரு பொழுது காப்பாற்றத் தெரியாதா என்ன? வேலிக்கு வெளியே அது போகவில்லை. வீட்டுக்கு வீடு சட்டியில் கிடந்தது.

அந்தப் பொதுச் சமையலுக்கு என் அண்ணன் பழனிவேலுதான் சமையல்காரர். கல்யாணப் பந்திகளில் பழகிய கை அவருடையது. தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக அண்டா முன்னால் நின்றால், அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். ஊருக்கே சோறு போடுகிறோம் என்ற நினைப்பு. "நீ பிள்ளைங்களுக்கு எழுத்துப் போடுற, நான் சோறு போடுறேன். எதுல கூட்டம் அதிகம்னு பாரு" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சமயத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் பள்ளத்து லயத்தில் ஒருவர், பிறகு அவர் மனைவி, பிறகு எதிர்வீடு. விட்டு விட்டு வருகிற மலேரியா எங்களுக்குப் பழக்கம். இது விடாத காய்ச்சல். வயிறு கெட்டு, நாக்கு வறண்டு, மனிதர்கள் கண் திறந்தபடியே உளறினார்கள். ராக்காயி என்று பால்மரம் வெட்டுகிற ஒரு பெண் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள்; அவள் புருஷன் அதில் போய்விட்டான். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு நிற்கும் வரிசையின் முன்னால் சவரிமுத்து குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே கத்தினார்: "இது வெஷக்காய்ச்சல்! சும்மா காய்ச்சல் இல்ல! சோறு தண்ணியில கவனமா இருங்க, ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் கை நனைக்காதீங்க!"

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. டைபாய்டுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அதுதான். அந்தப் பெயர் தெரியாத தமிழர் வீடு கிடையாது. ஆனால் வேலி வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜன் தமிழர் இல்லை. ஆட்கள் முகம் வெளிறிப் பேசிக்கொண்டு வருவதைப் பார்த்து என்ன விஷயம் என்று அவர் கேட்க, வாசலில் ஆட்களைக் கணக்கெடுக்கும் மண்டோர் சின்னையா தன் கொச்சைப் பாசார் மலாயை எடுத்து விட்டார். காய்ச்சலுக்கு மலாயில் டெமாம். விஷத்துக்கு ராச்சுன். சின்னையா இரண்டையும் சேர்த்து, "டெமாம் ராச்சுன், துவான். டிரசர் சொன்னாரு, சோத்துல கவனமா இருக்கணுமாம்" என்று ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். சார்ஜன் காதில் ராச்சுனும் சோறும் விழுந்தன. காய்ச்சல் விழவில்லை.

பொதுச் சோற்றில் விஷம். காட்டுக்காரர்களுக்கு அரிசி போகும் வழியை அடைத்ததே அந்தப் பொதுச் சமையல்தான். அதை ஜனங்கள் வெறுத்து ஒதுக்க வேண்டும் என்றால் காட்டுக்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? இப்போது யோசித்தால் போலீஸ் அப்படி நினைத்ததில் நியாயம்கூட இருக்கிறது. அன்றைக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. அண்டாவில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே என் அண்ணனை லாரியில் ஏற்றினார்கள். கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டுபோனவர்களை விசாரித்து முடித்ததும் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் அண்ணன் அதுவரை கப்பலையே பார்த்ததில்லை. அவருக்கு ஊர் என்றால் பெடாஸ்தான்.

நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

"உங்க வாயிலதான் வெஷம் இருக்கு டிரசரே. எங்க அண்ணன் கையில இல்ல."

அவர் ஊசியை எடுத்துவிட்டுத்தான் திரும்பினார். விஷயம் அவருக்கு அதற்குள் எட்டியிருந்தது. மறுப்பார், சின்னையா மேல் பழியைப் போடுவார் என்று எதிர்பார்த்து, அதற்கும் ஒரு பதிலோடு போயிருந்தேன்.

"ஆமா டீச்சர், என் வாய்தான்" என்றார். "நோயை நான் பாத்தேன். அதும் பேரை யாரு யாரு கேப்பாங்கன்னு பாக்கல."

அப்படிச் சொல்லிவிட்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். சுவருக்கும் மருந்து அலமாரிக்கும் இடையில் போய்ப் போய் வந்தார். திடீரென்று நின்று, "நீங்க ஏன் படுக்கல?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்றது. நானும் படுத்துச் சாக வேண்டும் என்கிறாரா?

"அதில்ல டீச்சர். எல்லாருக்கும் ஒரே அண்டாவுல சோறு. நீங்களும் தின்னீங்க, நானும் தின்னேன், கேட்டுல நிக்கிற போலீசும் தின்னாங்க. நம்ம யாரும் படுக்கலயே?"

"எனக்கென்ன, சுடச்சுட வாங்கி அப்பவே தின்னுடுறேன். காலையில அண்ணன் அண்டாவுல கொதிச்ச கோப்பி. ராக்காயி கூடக் கிண்டல் பண்ணுவா, டீச்சரம்மாவுக்குப் பழையது எறங்காதுன்னு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சாக்கட்டி கேட்டார்.

பள்ளியிலிருந்து ஒரு பெட்டி சாக்கட்டி எடுத்துவந்து கொடுத்தேன். அன்று மத்தியானம் முழுக்க அவர் லயம் லயமாக ஏறி இறங்கினார். காய்ச்சல் வந்த வீட்டுக் கதவில் ஒரு கோடு. பழையதுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற வீடென்றால் பக்கத்தில் ஒரு வட்டம். மேட்டு லயத்தில் சில வீடுகள் கூரையிலிருந்து வடிகிற மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தன. அவர்களும் பழையது தின்கிறவர்கள்தான். அந்தக் கதவுகளில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை. பள்ளத்துக் கதவுகளிலோ ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டும் இருந்தன. முன்பெல்லாம் பொழுது சாய்வதற்குள் பெண்கள் விறகு பொறுக்கி வந்து தண்ணீர் காய்ச்சுவார்கள். வேலி வந்த பிறகு மத்தியானத்துக்கு மேல் வெளியே போக முடியாது. விறகு இல்லை, அடுப்பும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் பச்சையாகவே சோற்றில் விழுந்தது. கிணற்றுக்கு மேலே மேட்டில் இருந்த குழிகள் மழையில் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆனால் கிணற்றுத் தண்ணீரே ஊற்றாத இரண்டொரு வீட்டிலும் காய்ச்சல் இருந்தது. அது அவரை அரித்தது. "எங்க இடிக்குது, எங்க இடிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு ராக்காயி வீட்டு வாசலில் நின்றார். புருஷனைப் பறிகொடுத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தவளிடம் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் முடியவில்லை. நான்தான் கேட்டேன், யார் யார் வீட்டுக்கு வந்து போவார்கள் என்று.

"யாரு வரல? எம்புருசன் படுத்தப்ப ஊரே வந்து பாத்துச்சு" என்றாள் ராக்காயி. "வந்தவங்களுக்கு வேற என்ன இருக்கு குடுக்க? ஆளுக்கு ஒரு வாய் நீராகாரம் குடுத்தேன். சோறு பத்தாதவங்க சொம்பு எடுத்துட்டு வருவாங்க. இல்லேன்னு சொல்ல வாய் வருமாய்யா? தண்ணிதானே."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வழியில் என்னிடம் சொன்னதுதான் பிறகு அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன வார்த்தை. "நோய்க்குக் காலு கெடையாது டீச்சர். நாமதான் தூக்கிட்டுப் போறோம். அதுவும் ஆசையாத் தூக்கிட்டுப் போறோம்."

விசாரணைக்காக ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் சிரம்பானிலிருந்து தோட்டத்துக்கு வந்தார். சமையல்காரரின் தங்கை என்று என்னையும் ஆபீசுக்கு அழைத்திருந்தார். சவரிமுத்துவை யாரும் அழைக்கவில்லை. அவராகவே உள்ளே வந்து நின்றார். மலாயில் பேசினார். அவருக்கு நல்ல மலாய். விஷம் வைத்திருந்தால் ஒரே நாளில் எல்லோரையும் சாய்த்திருக்கும், இது வாசல் வாசலாகப் போயிருக்கிறது என்றார். இன்ஸ்பெக்டர் லேசுப்பட்டவர் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கலாமே என்று கேட்டார். "அப்படியானால் உங்கள் ஆட்களும் அதே அண்டாவில்தான் சாப்பிடுகிறார்கள். ஒருவராவது படுத்தாரா? என்னோடு நடந்து வந்து பாருங்கள்" என்றார் சவரிமுத்து. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கதவு கதவாக இருவரும் நடந்தார்கள்; நான் பின்னால் போனேன். பள்ளத்தில் கிணற்றடிக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் நின்று, மேட்டையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நோய் என்றால் உங்கள் ஆட்களே ஏன் விஷம் என்று சொன்னார்கள்? யார் முதலில் சொன்னது?" என்று கேட்டார். எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்த சின்னையா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். விஷம் என்று பீதி கிளப்பியவன் யார் என்பது அந்தக் காலத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. அண்ணன் இறங்கும் லாரியில் இவர் ஏற வேண்டி வரலாம்.

"நான்தான் சொன்னேன்" என்றார் சவரிமுத்து. "எங்கள் மொழியில் அந்தக் காய்ச்சலுக்கு அதுதான் பெயர்."

"காய்ச்சலுக்கா விஷம் என்று பெயர்?"

"கடித்தால் ஆளை முடித்துவிடும் பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்திருப்பவர்கள் நாங்கள், துவான்."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கிணற்றை மூடச் சொல்லிவிட்டுப் போனார்.

கிணற்றுக்கு மருந்து போட்டு மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. வெளியே போய் விறகு எடுக்க, காவலோடு ஒரு நேரம் ஒதுக்கினார்கள். சவரிமுத்து வீடு வீடாக ஊசி போட்டார், பழையதுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் என்று சட்டி சட்டியாக மூடியைத் திறந்து பார்த்துத் திட்டினார். கோடுகள் மேற்கொண்டு கூடவில்லை. எல்லாம் அடங்கின பிறகும் அண்ணன் வரவில்லை. விடுதலைக் காகிதம் சிரம்பானில் இருக்கிறது என்றார்கள், பிறகு கோலாலம்பூரில் இருக்கிறது என்றார்கள். நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே வாசல் பக்கம் லாரி சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னாலும் தெரியாது. கடைசியில் ஒரு மத்தியானம் அண்ணன் நடந்தே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கரண்டியை அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன முதல் பேச்சு.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயது போதவில்லை. மறுநாள் அண்ணன் பழையபடி அண்டா முன்னால் நின்றபோது வரிசை நகரவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டவர்கள், எல்லோரும் சாக்கட்டிக் கோட்டைக் கண்ணால் பார்த்தவர்கள். இருந்தும் "எதுக்குலா வம்பு, நெருப்பு இல்லாமலா பொகையும்" என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பின்னால் இருந்த பிள்ளைகள் என் அண்ணனுக்கு வெஷப் பழனி என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் பள்ளிப் பிள்ளைகள்தான்.

சவரிமுத்து வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். "போடு பழனி, பசிக்குது" என்று தட்டை நீட்டினார். அண்ணன் சோற்றைப் போட்டார். சவரிமுத்து அங்கேயே நின்று, வேதக்காரர் அல்லவா, வழக்கம்போல நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். கூட்டம் கலகலத்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு மூச்சு வந்தது.

"பாத்தியா, டிரசரே சாமியக் கும்பிட்டுட்டுத்தான் வாயில வைக்கிறாரு. அவருக்கே பயமாத்தான இருக்கு!" என்றாள் ஒருத்தி.

வரிசை இரண்டடி பின்னால் போனது. அன்றைக்குப் பாதி அண்டா சோறு மிச்சம். சவரிமுத்து தட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கெணத்துக்கு மருந்து போட்டாச்சு டீச்சர். இந்த வாய்க்கெல்லாம் என்னத்தப் போடுறது?"

அடுத்த நாளும் முதல் ஆளாக வந்தார். தட்டை வாங்கினார். சிலுவை போடவில்லை. கை நெற்றி வரை போய், பாதியில் நின்று, தலைமுடியை ஒதுக்குவது போலக் கீழே வந்தது. நேராகச் சோற்றில் கை வைத்துச் சாப்பிட்டார். அவர் எப்பேர்ப்பட்ட பக்தர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பிஸ்கட் தின்றாலும் சிலுவை போடாமல் தின்னமாட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் இப்படியே. முதலில் ராக்காயி வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். பிறகு இன்னும் சிலர். வரிசை பழைய நீளத்துக்கு வர நாளானது. சாமி கோபித்துக்கொள்ளாதா என்று ஒருநாள் கேட்டேன். "அவரு புரிஞ்சுக்குவாரு டீச்சர். ஜனங்களுக்குத்தான் வெளக்க முடியாது."

நாடு சுதந்திரம் கண்டு, அவசரகாலமும் முடிந்து, வேலி போய், தோட்டமும் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு நாங்கள் மம்பாவுக்கு வந்தோம். அண்ணன் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட்டார். தோட்டத்து ஆட்கள் வந்த இடத்துக்கெல்லாம் வெஷப் பழனி என்ற பெயரும் வந்தது. விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். சவரிமுத்து பாரோயில் வீடு கட்டிக் குடிவந்தார். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து கடையின் முதல் தட்டை வாங்கி, வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மேசையில், சிலுவை போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். தன் வீட்டிலும், கல்யாணங்களிலும், எங்கேயும் போடுகிறவர், எங்கள் கடையில் மட்டும் ஒருநாளும் போட்டதில்லை. டைபாய்டு என்றால் டைபாய்டு என்று மட்டும்தான் சொல்வார். வேறு பெயரை யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார்.

அடக்கத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. கடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அண்ணன் கேட்கவில்லை. கொதிக்கக் கொதிக்க முதல் தட்டைப் போட்டு எடுத்துவந்து அந்த வாசல் மேசையில் வைத்தார். நெற்றியில் திருநீறு துலங்க, தோளில் துண்டோடு, கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார், மார்பில் வைத்தார், எந்தத் தோள் முதலில் என்று தெரியாமல் தடுமாறி, இரண்டிலும் வைத்தார்.

"இத்தன வருசமா எனக்காகப் போடாம விட்டாரு, தங்கச்சி" என்றார். "நீ உக்காந்து சாப்பிடு."

எல்லோருக்கும் தெரிகிற அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சனிக்கிழமைகளில் முதல் தட்டு இனி என்னுடையது.